எதிர்முனைக்குக் கேட்கும் சத்தம்

அத்தியாயம் 14

பொங்கலுக்குப் பிறகு பூஞ்சேரியில் அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பொங்கலன்று பிரபா தன் அப்பாவின் உளிப் பையைத் தூக்கிக்கொண்டு கேளம்பாக்கத்துக்குப் போய்விட்டாள். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், கல் தூசி இனி ஆகாது என்று சொல்லியிருந்தார். பை இல்லாவிட்டால் அப்பா வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தாள். மறுநாளே அப்பாசாமி பஸ் ஏறிப் போனார். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில், நாலு பேர் பார்க்க, "நீ எனக்குப் பொண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கி வந்தார்.

அதன் பிறகு மகள் இங்கே வரவில்லை. அப்பா அவள் பெயரைச் சொல்லவில்லை. உளிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இன்று காலை, அந்த வீட்டு மருமகள் பூங்கொடி, இட்லித் தட்டைக் கணவன் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"சாயந்திரம் வேலைக்கு ஆள் எடுக்குற அந்த மேடம் திரும்பக் கூப்புடுவாங்க. இதான் கடைசி சான்ஸு," என்றாள்.

ரமேஷ் கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முதல் சவாரிக்கு ஏற்கனவே நேரமாகியிருந்தது.

"போன வாரம் இன்னாதான் சொன்னாங்க?"

"வூட்டுப் பக்கத்துல கட்டட வேல நடக்குதான்னு கேட்டாங்க. இல்லீங்க மேடம்னேன். மறுபடியும் கேட்டாங்க. சத்தியமா இல்லீங்கன்னேன். பொய் சொல்றேன்னு நெனச்சிகினாங்க."

"கட்டட வேல எங்க கீது இங்க?"

"அதான் எனக்கும் புரியல."

இருவரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். ஒரு காக்கை. மீன் விற்கிறவரின் மொபெட் ஹாரன். மேலே மின்விசிறி.

"ஒரு சத்தமும் இல்லியே," என்றான் ரமேஷ்.

கொல்லையில் அப்பாசாமி டங், டங், டங் என்று கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். எதிர்ப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

பூங்கொடிக்கு அது உறைத்தது, அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதுதான். ஏதோ ஒன்று குறைந்ததுபோல் இருந்தது. என்ன குறைந்தது என்று தேடிப் பார்த்தாள். பிறகு உளி திரும்பவும் விழுந்தது.

"ஏங்க," என்றாள் மெல்ல. "மாமா."

ரமேஷ் இட்லியை வாயில் வைத்தபடியே கொல்லைப் பக்கம் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிப்பு வெளியே கேட்காமல் இருக்க இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது. சாயந்திரம் கொஞ்ச நேரம் அவர் வேலையை நிறுத்தினால் போதும்.

"நீங்க கேளுங்களேன்."

"நானா?" ரமேஷ் தட்டைத் தள்ளினான். "நைனாவப் பாத்து உளிய கீழ வைய்யின்னு சொன்னவ இப்ப எங்க கீறான்னு உனக்குத் தெரியும்ல?"

வேலையை நிறுத்தச் சொல்லும் வாய் அந்த வீட்டில் யாருக்கும் மிச்சமில்லை. ஒரு மணி நேரத்துக்குக்கூட.

மேடத்திடம் பூங்கொடி கேட்டிருந்தது, ஒரு மருத்துவமனைக்காக வீட்டிலிருந்தபடியே நோயாளிகளுக்குப் போன் செய்யும் வேலை. டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை நினைவூட்டுவது, வராதவர்களை வரச் சொல்வது. திருமணத்துக்கு முன்னால் பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதி அலுவலகத்தில் இருந்தவள் பூங்கொடி. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவள். பேசுவதற்குச் சம்பளம் என்று கேட்டதுமே, அது தனக்காகவே எங்கோ காத்திருந்த வேலை என்று அவளுக்குத் தோன்றியது. சம்பளத்தைவிடப் பேச்சுதான் அவளை இழுத்தது என்பதை ரமேஷிடம்கூட அவள் சொல்லவில்லை.

"இந்தச் செவப்பு இயர்பட்ஸ் ஆவாது," என்றாள், மேசைமேல் கிடந்ததைப் பார்த்து. ரமேஷ் கடற்கரைத் திருவிழாவில் வாங்கியது. "ஒலகத்துல கீற சத்தத்தயெல்லாம் அள்ளிக்கினு போவுது. வேற வாங்கணும். எங்கிட்ட ஆயிரத்தைந்நூறு கீது. அதுக்கு மேல கெடையாது."

"கம்பி வெச்சது வாங்கிடேன். பாதி விலையில முடியும்."

"எங்க சொருவுறது? எம் போன்ல அந்த ஓட்டையே இல்ல. சார்ஜ் போடுற ஓட்டையும் ஆடுது. பேசிகினு இருக்கசொல்ல புடுங்கிகினா?"

ரமேஷ் சட்டையை மாட்டிக்கொண்டான். "சரி, ஏறு வண்டியில."

*

கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் அபிஷேக், ரமேஷுக்குப் பழக்கம். இயர்பட்ஸ் என்றதும் கண்ணாடிப் பெட்டியின்மேல் வரிசையாக எடுத்து வைத்துவிட்டான்.

"அண்ணாத்த, இது பாரு. பேஸ் சும்மா நெஞ்சுல இடிக்கும்."

ரமேஷின் முகம் மலர்ந்தது. "போட்டுக் காட்டு."

"பாட்டு கேக்க வரல," என்றாள் பூங்கொடி.

"அப்ப இது எடுத்துக்கக்கா. நாய்ஸ் கேன்சலிங். கல்யாண மண்டபத்துல மோளத்துக்குப் பக்கத்துல ஒக்காந்தாலும் ஒண்ணும் கேக்காது."

"எனக்குக் கேக்காதா? எதிர்ல பேசுறவங்களுக்குக் கேக்காதா?"

அபிஷேக் ஒரு கணம் யோசித்தான். "உங்களுக்குக்கா."

"எனக்குத்தான் ஏற்கனவே எதுவும் கேக்கலியே."

ரமேஷ் சிரித்துவிட்டான். அபிஷேக்குக்குப் புரியவில்லை.

பூங்கொடி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நமக்கு எப்படிக் கேட்கும் என்பதைத்தான் எல்லாப் பெட்டிகளிலும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நம்முடைய குரல் அடுத்தவருக்கு எப்படிக் கேட்கும் என்பது, இருந்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி. மனிதர்களும் ஏறக்குறைய இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"பேசுறதுக்கு நல்ல மைக் வேணும்பா. அது மட்டும் போதும். காது பக்கம் வர்ற நாய்ஸ் கேன்சலிங் இல்லாட்டியும் பரவால்ல."

அப்படிக் கழித்துவிட்டால் அவள் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு மிஞ்சின. ஒன்று உருண்டையாக, மொச்சைக்கொட்டை மாதிரி காதுக்குள் அடங்கிவிடுவது. இன்னொன்றுக்கு வாய்ப் பக்கம் நீளும் சின்னத் தண்டு இருந்தது. உருண்டைதான் அழகு.

"காசிநாதனுக்குப் போன் பண்ணி டெஸ்ட் பண்ணிடலாம்," என்றான் ரமேஷ்.

காசிநாதன் அவனோடு ஸ்டாண்டில் வண்டி போடுகிறவன். உருண்டையில் பேசினாள். "சூப்பரா கேக்குது சிஸ்டர்!" என்றான். தண்டு வைத்ததில் பேசினாள். "சூப்பரு!" என்றான். சந்தேகம் வந்து இயர்பட்ஸையே கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டு பேசினாள்.

"சூப்பரோ சூப்பரு சிஸ்டர்!"

"உங்க கூட்டாளிக்கு யார் மனசும் நோவக் கூடாது," என்றாள் பூங்கொடி. "வேணாம். நீங்க கடைக்குள்ள நின்னு உங்க போன்ல கேளுங்க. நான் வெளிய போறேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் கடை வாசலில் ஒருவர் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார். அபிஷேக் துடைத்துக் கொடுத்த சாம்பிள் பீஸ்களோடு அங்கே போய் நின்றாள். முதலில் உருண்டை.

"இன்னா, கேக்குதா?"

"பஸ்ஸு பேசுது, மெஷினு பேசுது. நீ எங்க கீறேன்னுதான் தெரில."

மாற்றிக்கொண்டாள்.

"இப்ப?"

"உன் கொரலு கெணத்துக்குள்ளேந்து வர்றாப்ல கீது."

அவளுக்கு மனம் தளர்ந்தது.

"ஆனா," என்றான் ரமேஷ், "உன் கொரலு மட்டும்தான் கீது."

திரும்பி வந்ததும் அபிஷேக் உண்மையைச் சொன்னான். "ஒரே மாதிரி ஓடுற சத்தத்த இது அமுக்கிடும்கா. டக்கு டக்குனு வுட்டு வுட்டு அடிக்கிற சத்தம்னா சொல்ல முடியாது. வாங்கிட்டு காதுல போட்டுட்டா ஓனரு திரும்ப எடுக்க மாட்டாரு. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"பேட்டரி?"

"பாட்டு கேட்டா நெறைய வரும். பேசினா அதுல பாதிகூட வராது."

"ஒரு காதுல போட்டுகினு இன்னொண்ண பொட்டியில சார்ஜ் போட்டுக்கிறேன். மாத்தி மாத்தி."

இடது காதில் நழுவியது. கூடவே வந்த சின்ன ரப்பரை மாட்டியதும் நின்றது. பூங்கொடி அதையே எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஆட்டோ, ரமேஷின் அக்கா பிரபாவின் அடுக்குமாடியைத் தாண்டியது. ரமேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மட்டும் ஒரு முறை பார்த்தான். அதைப் பூங்கொடியும் பார்த்தாள்.

*

மதியம், ரமேஷ் சவாரிக்குப் போன பிறகு, பூங்கொடி அடுப்படியில் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் அப்பாசாமி கல் ஆமை ஒன்றின் முதுகில் கட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கடற்கரை விடுதிகளுக்கு இப்போது ஆமைதான் நிறையப் போகிறது.

புதியது தாங்குமா என்று யாரிடம் கேட்பது? ரமேஷுக்கு இந்தச் சத்தம் கேட்காது. தெருவில் எவருக்கும் கேட்காது. இந்தச் சத்தத்திலேயே வளர்ந்து, இதை விட்டு வெளியே போனவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

அவள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பழைய சிவப்பை மாட்டிக்கொண்டு அழைத்தாள். எது எவ்வளவு மோசம் என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் பிரபா, சாப்பாட்டு நேரத்தில் எடுத்தாள்.

"அண்ணி, நான் பூங்கொடி."

"சொல்லு. எல்லாரும் நல்லாருக்கீங்களா?" குரல் எச்சரிக்கையாக இருந்தது.

பூங்கொடி வேலையைப் பற்றிச் சொன்னாள். இயர்பட்ஸ் பற்றிச் சொன்னாள். "எங் கொரலு ஒங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணி."

பதில் இல்லை.

"அண்ணி? லைன்ல கீறீங்களா?"

"கீறேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பூங்கொடி திரையைப் பார்த்தாள். அறுபடவில்லை.

"நைனா பட்டறையில கீறாரா?" என்றாள் பிரபா.

"ஆமா."

"நல்லா கேக்குது." சிறிது நேரம் கழித்து, "சின்ன உளி. ஓரத்துல அடிக்கிறாரு," என்றாள்.

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். சின்ன உளிதான்.

"இப்ப நிறுத்திட்டாரு. எதுக்கு நிறுத்தினாரு? இருமுறாரா?"

அவர் நிறுத்தியதையே பூங்கொடி கவனித்திருக்கவில்லை. "இல்ல அண்ணி. தூசிய ஊதிவுடறாரு."

"ஊதுறாரா? மூஞ்சில துணியாவது கட்டிகினு கீறாரா?"

பூங்கொடி தயங்கினாள். இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று தனக்கே இதுவரை தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நீங்க பொங்கலுக்கு வாங்கியாந்த மாஸ்க்க போட்டுகினு கீறாரு அண்ணி. நீங்க போனதுலேர்ந்து தெனமும் போடுறாரு. இப்ப ஊதுறதுக்கு மட்டும் எறக்கினாரு."

எதிர்முனையில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். வேறு ஏதோ பெண் குரல் தூரத்தில் பேசியது. உளி மறுபடியும் தொடங்கி, ஒரு கட்டம் முடிகிற அளவுக்கு விழுந்து ஓய்ந்தது.

"சரி," என்றாள் பிரபா. "புதுச போடு."

பூங்கொடி மாற்றிக்கொண்டு திரும்ப அழைத்தாள்.

"மெஷின் சத்தம் போயிடுச்சு. உளி மட்டும் எங்கயோ தூரத்துல லேசா வருது. எங்க நிக்கிற?"

"அடுப்படியில."

"உள் ரூமுக்குப் போ. ஜன்னல சாத்து. பாய், போர்வை, துணி எல்லாம் கீற பக்கமா ஒக்காரு. சுவரப் பாத்து பேசாத."

பூங்கொடி உள்ளறைக்குப் போய் மடித்து வைத்த மெத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணி."

"இப்ப நீ மட்டும்தான் கீற," என்றாள் பிரபா. ஒரு மூச்சு விட்டாள். "நைனா இல்ல."

பூங்கொடி இயர்பட்டைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"வேலைக்கு இத வெச்சே பேசு. நல்லா கீது. நல்லதாத்தான் வாங்கிகிற," என்றாள் பிரபா. வைத்துவிடுவாள் என்று பூங்கொடி நினைத்தபோது, "எனக்குப் பண்ணும்போது மட்டும்," என்றாள், "அந்தப் பழசையே போட்டுக்க."

*

மாலையில் அந்த மேடம் சொன்ன நேரத்துக்கு அழைத்தார். தான் ஒரு நோயாளி மாதிரி பேசப்போவதாகச் சொன்னார். பிடிவாதக்காரப் பெரியவர் ஒருவர்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் டாக்டர்ட்ட வரமாட்டேன். சும்மா சும்மா போன் பண்ணாதீங்க."

பூங்கொடி எழுதிப் பழகியிருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. மூடிய ஜன்னலைப் பார்த்தாள்.

"சரிங்க ஐயா, நீங்க வரணும்னு கட்டாயப்படுத்த மாட்டேன்," என்றாள். "வரலைன்னா, வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க எதுவுமே சொல்லாம இருந்தா, இங்க ஒருத்தர் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

எதிர்முனையில் மேடம் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமைலேர்ந்து பயிற்சி," என்றார் பிறகு, தன் சொந்தக் குரலில். "போன வாரத்துக்கு இன்னிக்கு உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு."

"ஆமாங்க மேடம்," என்றாள் பூங்கொடி.

இயர்பட்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். கதவைத் திறந்தாள். டங், டங், டங். இப்போது அவளுக்கு அது கேட்டது. இனிமேல் கேட்காமல் இருக்கப்போவதில்லை என்றும் தெரிந்தது.

ரமேஷுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் காசிநாதனின் குரலையும் சேர்த்துப் பதில் அனுப்பினான்: "சூப்பரு சிஸ்டர்!"

பிறகு சிவப்பை மாட்டிக்கொண்டு பிரபாவை அழைத்தாள்.

"கெடச்சிடுச்சு அண்ணி."

"எனக்குத் தெரியும்." பிரபா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு தணிந்த குரலில், "கொல்லைப் பக்கம் போறியா?" என்றாள்.

பூங்கொடி போய்க் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றாள். வெயில் இறங்கியிருந்தது. தகரக் கூரையின் கீழ் தூசி பொன்னிறமாக மிதந்தது. அவள் எதுவும் பேசவில்லை. எதிர்முனையிலும் பேச்சில்லை. உளி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதை ஒருத்தி கேளம்பாக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாசாமி நிமிர்ந்தார். மருமகள் ஒன்றும் பேசாமல் காதில் சிவப்பாக எதையோ மாட்டிக்கொண்டு தன்னையே பார்த்து நிற்பதைப் பார்த்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"இன்னாம்மா, அங்கியே நின்னுகினு கீற? வேல கெடச்சிதா?"

"கெடச்சிடுச்சு மாமா."

"அப்பறம் போன்ல யாரு? ஒண்ணுமே பேசாம இன்னா போனு?"

பூங்கொடி பொய் சொல்லியிருக்கலாம். அம்மா என்று சொல்லியிருக்கலாம். ஏற்கனவே ஒருத்தர் அவளைப் பொய் சொல்கிறவள் என்று நினைத்தாகிவிட்டது.

"பிரபா அண்ணி," என்றாள். "பேசறதுக்கு இல்ல மாமா. நீங்க வேல செய்ற சத்தத்தக் கேட்டுகினு கீறாங்க."

அப்பாசாமியின் கையில் உளி அப்படியே நின்றது. அவர் ஆமையைப் பார்த்தார். கட்டம் பாதி எடுத்திருந்தது. எதிர்ப் பட்டறையில் மெஷினையும் யாரோ அணைத்திருந்தார்கள்.

பூங்கொடியின் காதில் பிரபாவின் குரல் பதறியது. "பூங்கொடி, நைனா ஏன் நிறுத்திட்டாரு?"

பூங்கொடி ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, பட்டறைக்குள் இறங்கிப் போய், அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் உளியைக் கீழே வைத்தார். வலது கையை லுங்கியில் துடைத்தார். கையைப் பார்த்தார். தூசி போகவில்லை. திரும்பவும் துடைத்தார்.